திருத்தம் வந்துவிட்டது, ஓட்டை அப்படியே இருக்கிறது

தைவானைச் சேர்ந்த ஸைக்ஸெல் நிறுவனம் தான் விற்ற ஃபயர்வால் கருவிகளில் ஓர் ஓட்டை இருப்பதாக 2023 ஏப்ரல் 25 அன்று அறிவித்தது. அதை அடைக்கும் புதிய மென்பொருளையும் கூடவே வெளியிட்டது. அதற்குக் காசு கேட்கவில்லை. ஓட்டை லேசுப்பட்டதல்ல. இத்தகைய குறைகளின் கடுமையை அளக்கும் பத்துப் புள்ளி அளவுகோலில் அதற்கு 9.8. கடவுச்சொல் தேவையில்லை, உள்ளே ஆள் தேவையில்லை. இணையத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரே ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்பினால் கருவி வந்தவன் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடும். டென்மார்க்கில் அத்தியாவசியத் துறைகளின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் செக்டர்செர்ட் என்ற லாப நோக்கற்ற மையம், மே 1 அன்று தன் உறுப்பினர்களை எச்சரித்தது. மே 11 அன்று அந்நாட்டு எரிசக்தித் துறையில் 16 நிறுவனங்களின் ஃபயர்வால்கள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. 11 இடங்களில் தாக்கியவர்கள் உடனே உள்ளே போய்விட்டார்கள். மாதம் முடிவதற்குள் இரண்டாவது அலையும் வந்து, கணக்கு 22 நிறுவனங்களாக உயர்ந்தது. சில நிறுவனங்கள் வெளியுலக இணைப்பை முழுவதுமாகத் துண்டித்துக்கொண்டு தனித்தீவாக இயங்க வேண்டியிருந்தது. மின்சாரம் நிற்கவில்லை என்பது ஆறுதல். தாக்கியது யார் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் சாண்ட்வோர்ம் குழுவின் கை இருக்கலாம் என்று செக்டர்செர்ட் ஐயப்பட்டது, இரண்டாவது அலை உலகெங்கும் நடந்த பொதுவான சூறையாடலின் பகுதிதான் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு கேள்வி. பதினாறு நாளாக மருந்து கையில் இருந்தும் அதை ஏன் யாரும் சாப்பிடவில்லை?

அதற்கு செக்டர்செர்ட்டின் நவம்பர் அறிக்கையிலேயே பதில் இருக்கிறது. அறிக்கையில் நான் மிக மதிப்பது அந்தப் பகுதியைத்தான். சில நிறுவனங்கள், கருவி புதிது, ஆகவே அதிலுள்ள மென்பொருளும் புதிதாகத்தான் இருக்கும் என்று நினைத்தன. சில, அப்டேட் செய்வது விற்றவர் பொறுப்பு என்று நம்பின. விற்றவர் அப்படி எதையும் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. வேறு சில, தெரிந்தே ஒதுக்கிவிட்டன: மென்பொருள் இலவசம்தான், ஆனால் அதை நிறுவ வரும் ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இன்னும் சில நிறுவனங்களுக்குத் தங்களிடம் அப்படியொரு கருவி இருப்பதே தெரியாது. உலகில் மிக அதிகமாக டிஜிட்டல்மயமான நாடுகளில் ஒன்றில், மின்சாரமும் வெப்பமும் வழங்கும் நிறுவனங்களின் கதை இது. முட்டாள்தனம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. நான்கு காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் அடியில் இருப்பது ஒன்றுதான்: கடைசிப் படியை யார் ஏறுவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஃபயர்வால் பெட்டியாவது கண்ணுக்குத் தெரிகிற பொருள். இதே சிக்கல், இன்னும் முற்றிய வடிவில், நாம் அன்றாடம் திறக்கும் கணினியின் அடிமட்டத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் அல்லது லினக்ஸ் முகம் காட்டும் வரையுள்ள சில விநாடிகளில் பல நிரல்கள் ஒன்றையொன்று எழுப்பி விடுகின்றன. முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சிப்பில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். அது நினைவகம், வட்டு, திரை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, வட்டிலிருந்து பூட்லோடர் என்ற சிறிய நிரலை எடுத்து ஓடவிடும். பூட்லோடரின் வேலை, இயங்குதளத்தின் மையப் பகுதியைத் தேடிப் பிடித்து நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைப்பது. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில விநாடிகளில் கணினி முழுக்க முழுக்க அதன் ஆளுகையில் இருக்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் இன்னும் பிறக்கவில்லை. பயனர் கணக்கு, கடவுச்சொல், அனுமதி எதுவும் இல்லை. பூட்லோடரைக் கைப்பற்றியவன் பின்னால் வரும் இயங்குதளத்துக்கு எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கலாம். இயங்குதளத்தை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினாலும் சில வகைத் தொற்றுகள் போகாமல் தங்கிவிடும்.

இந்த அடிமட்டம் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் டென்மார்க்கே பெரிய சாட்சி. 2017 ஜூன் 27 அன்று கோபன்ஹேகனில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் தலைமையகத்தில் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. நாட்பெட்யா என்று பெயர் பெற்ற அந்த நிரல், நிர்வாகி உரிமை கிடைத்த இடங்களில் வட்டின் முதல் துண்டில் இருந்த பூட் நிரலை அழித்துத் தன்னுடையதை எழுதியது. பழைய பாணிக் கணினிகளில் அந்தத் துண்டின் அளவு 512 பைட். நிரலுக்கு அதில் 446 பைட்தான் இடம். அங்கே என்ன இருக்கிறதோ அதை ஃபர்ம்வேர் கேள்வி கேட்காமல் ஓட்டும். எழுதி முடித்த நாட்பெட்யா ஒரு மணி நேரத்துக்குள் கணினியை மறுதொடக்கம் செய்தது. திரையில், வட்டில் பிழை இருக்கிறது, சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், கணினியை அணைத்தால் தரவெல்லாம் போய்விடும் என்று விண்டோஸ் சொல்வது போலவே ஓர் அறிவிப்பு. பொறுமையாகக் காத்திருந்தவர் கண்ணெதிரே, அந்தப் பொய்த் திரைக்குப் பின்னால், வட்டின் கோப்பு அட்டவணை பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் 300 டாலர் பிட்காயின் கேட்டது. கொடுத்தாலும் மீட்க வழி இல்லை. உலகக் கன்டெய்னர் போக்குவரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்த நிறுவனம் காகிதத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் திரும்பியது. மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவினோம் என்று நிறுவனத்தின் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் தாவோஸ் கூட்டத்தில் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நாட்பெட்யா பூட்லோடர் ஓட்டை வழியாக மெர்ஸ்க்குக்குள் நுழையவில்லை. அது நுழைந்த வழியும் பரவிய வழியும் வேறு. அந்த வழிக்குப் பிறகு வருவேன். வட்டின் முதல் துண்டில் யார் எழுதினாலும் ஓடும் என்ற நிலைதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்த நிலையை மாற்றத்தான் செக்யூர் பூட் என்ற ஏற்பாடு, 2012இல் விண்டோஸ் 8 வந்த காலம் முதல் புதிய கணினிகளில் பரவியது. கருத்து எளிது. நம்பத் தகுந்தவர்களின் கையொப்பச் சான்றுகள் ஃபர்ம்வேரில் இருக்கும். பூட்லோடரில் அவர்களின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. கையொப்பமிட்ட நிரலில் ஒரு பைட்டை மாற்றினாலும் கையொப்பம் பொய்த்துவிடும். லினக்ஸ் உலகில் ஷிம் என்ற சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்ட் கையொப்பமிடும். ஷிம், கிரப் என்ற பூட்லோடரைச் சரிபார்க்கும். கிரப், லினக்ஸ் மையத்தைச் சரிபார்க்கும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மொத்தமும் போச்சு. 2020 ஜூலை 29 அன்று எக்லிப்சியம் என்ற அமெரிக்க நிறுவனம் அறிவித்த பூட்ஹோல் அப்படி விட்ட கண்ணி. கிரப் நிரலுக்குக் கையொப்பம் உண்டு; அது படிக்கும் அமைப்புக் கோப்புக்கு இல்லை. அந்தக் கோப்பில் அளவுக்கு மீறிய நீளச் சொல்லொன்றை வைத்தால் கிரப் தடுமாறி, கோப்பில் ஒளிந்திருக்கும் கட்டளைகளையே ஓட்டிவிடும். கையொப்பம் சுத்தமாக இருக்கும், ஓடுவது வேறாக இருக்கும்.

இதற்குத் திருத்தம் எழுதுவது பெரிய காரியமில்லை, எழுதினார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். சாதாரண மென்பொருளில் ஓட்டை என்றால் புதிய பதிப்பை நிறுவினால் கதை முடிந்தது. பூட்லோடரில் அப்படி முடியாது, ஏனென்றால் ஓட்டையுள்ள பழைய பதிப்பிலும் செல்லுபடியாகும் கையொப்பம் இருக்கிறது. தாக்குபவன் நம் கணினியிலுள்ள புதிய பதிப்பைத் தொட வேண்டியதே இல்லை. பழையதைத் தன் பையில் கொண்டுவந்து வைத்தால் போதும், ஃபர்ம்வேர் கையொப்பத்தைப் பார்த்துவிட்டு வழிவிடும். புதிய நோட்டு அச்சடித்தால் மட்டும் பழைய 500 ரூபாய் செல்லாமல் போய்விடாது. செல்லாது என்று தனியாக அறிவிக்க வேண்டும், அறிவித்த மறுகணம் அதைக் கையில் வைத்திருந்த அப்பாவியும் மாட்டிக்கொள்வான் என்பதை 2016 நவம்பரில் நாம் எல்லோருமே பார்த்தோம். பிளாக்லோட்டஸ் என்ற நிரல் இதைத் தொழிலாகவே செய்தது. 2022 அக்டோபர் முதல் ரகசியச் சந்தையில் 5,000 டாலருக்கு விற்கப்பட்ட அது, விண்டோஸ் பூட்லோடரில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தியது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. முழுமையாக அப்டேட் செய்த விண்டோஸ் 11 கணினியிலும் பிளாக்லோட்டஸ் வேலை செய்ததாக இசெட் நிறுவனம் 2023 மார்ச்சில் விளக்கியது. காரணம் இதுதான்: பழைய பதிப்புகளை யாரும் செல்லாதவை ஆக்கவில்லை.

ஏன் ஆக்கவில்லை? செல்லாதவற்றின் பட்டியல் ஒன்று ஃபர்ம்வேரில் இருக்கிறது; அதற்குப் பெரும்பாலான கணினிகளில் ஒதுக்கிய இடம் 32 கிலோபைட். பூட்ஹோல் ஒன்றுக்காக மட்டும் 3 சான்றுகளையும் 150 கோப்புகளின் அடையாள எண்களையும் அதில் சேர்க்க வேண்டியதாயிற்று. 10 கிலோபைட் தீர்ந்தது. இப்படி இன்னும் இரண்டு முறை நடந்தால் பட்டியல் நிரம்பிவிடும். ஆகவே எஸ்பேட் என்ற மாற்று ஏற்பாடு வந்தது: ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே ஒதுக்காமல், ஒவ்வொரு பூட்லோடருக்கும் ஒரு தலைமுறை எண் கொடுத்து, இந்த எண்ணுக்குக் கீழ் எதுவும் ஓடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது. இடப் பிரச்சினை தீர்ந்தது. பயம் தீரவில்லை. செல்லாது என்று அறிவித்துவிட்டால் பழைய நிறுவல் பென்டிரைவ், மீட்பு டிவிடி, அலுவலகத்தின் காப்புப் பிரதி எல்லாம் அந்தக் கணினியில் எழாது. அறிவிப்பைத் திரும்பப் பெறுவதும் சாதாரண பயனரால் ஆகாது. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் பிளாக்லோட்டஸுக்கு எதிராக 2023 மே 9 அன்று கொண்டுவந்த திருத்தத்தை நிறுவினாலும் தடை தானாக அமலாகவில்லை. நிர்வாகி உட்கார்ந்து, வரிசையாகச் சில படிகளைச் செய்து, தானே முடுக்க வேண்டும். டென்மார்க்கின் ஃபயர்வால் கதை இங்கே மறுபடியும் தலைகாட்டுகிறது. திருத்தம் இருக்கிறது, இலவசம், அறிவிப்பும் வந்துவிட்டது. கடைசிப் படி மட்டும் யாரோ ஒருவர் நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலையாகத் தொங்குகிறது. அந்த யாரோ, பெரும்பாலும், நூறு வேலைகளுக்கு நடுவே இருக்கும் ஒற்றை ஆள். அல்லது அப்படியொருவர் இல்லவே இல்லை.

ஆகவே என் வாதம் இது. பூட்லோடர் ஓட்டை அடைபடுவது திருத்தம் வெளியான நாளிலல்ல, பழைய பதிப்பு ஒவ்வொரு கணினியிலும் மறுக்கப்படும் நாளில்தான். அந்த இரண்டாவது வேலையின் பொறுப்பும் செலவும் பயனரிடமோ சிறிய நிறுவனத்திடமோ இருக்கக் கூடாது. செய்து விற்றவரிடம் இருக்க வேண்டும், தானாக நடக்க வேண்டும். அறிவிப்பை வெளியிட்டோம், கடமை முடிந்தது என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் முடிய வேண்டும். இதற்கு வலுவான மறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மெர்ஸ்க் கதையிலிருந்தே வருகிறது.

முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்தது: தானாக வரும் அப்டேட் கணினியைக் கெடுத்துவிடும். பூட் மட்டத்தில் இது வெறும் எரிச்சல் அல்ல, கணினி எழவே எழாது. ஆதாரமும் உண்டு. பூட்ஹோலுக்காக ரெட் ஹேட் 2020 ஜூலையில் அனுப்பிய திருத்தத்தை நிறுவிய சர்வர்கள் பல, மறுதொடக்கத்துக்குப் பின் எழவில்லை. அவசரமாகத் திருத்தத்துக்கே திருத்தம் அனுப்பினார்கள். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எஸ்பேட் எண்ணை உயர்த்தியபோது, ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்தவர்களை அது தொடாது என்று வாக்களித்திருந்தது. தொட்டது. லினக்ஸைத் தேர்ந்தவர்களின் திரையில், ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டுக் கணினி அணைந்தது. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய இரட்டை ஏற்பாடு ஒன்றும் அபூர்வமல்ல. ஆனால் இந்த உதாரணங்கள் நிரூபிப்பது எதை? தானியங்கி அப்டேட் தவறு என்பதையா, அல்லது தோற்றால் திரும்ப வழி வைக்காமல் அப்டேட் செய்வது தவறு என்பதையா? இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். டென்மார்க் பள்ளிப் பிள்ளைகள் பலர் கையில் வைத்திருக்கும் குரோம்புக்கையே எடுத்துக்கொள்ளலாம். அதில் இயங்குதளத்துக்கு இரண்டு இருக்கைகள். ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதியது எழுதப்படும். அடுத்த முறை திறக்கும்போது புதியதை முயன்று பார்க்கும்; எழாவிட்டால், குழந்தைக்கே தெரியாமல், பழையதற்குத் திரும்பிவிடும். புதியது நன்றாக ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் பழைய பதிப்பு எண்ணைப் பாதுகாப்புச் சிப்பில் செல்லாததாகக் குறிக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், அப்டேட்டால் மாற்றவே முடியாதபடி பூட்டிய ஒரு மீட்பு நிரல். முதலில் சிறு கூட்டத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு எல்லோருக்கும் அனுப்புவதும் புதிய கண்டுபிடிப்பல்ல. இவை எல்லாம் தெரிந்த வித்தைகள். பொதுவான கணினிகளில் இவை பரவாமல் இருப்பதற்குக் காரணம், ஃபர்ம்வேர் ஒருவர், தாய்ப்பலகை ஒருவர், இயங்குதளம் ஒருவர் என்று பொறுப்பு சிதறிக் கிடப்பது.

இரண்டாவது மறுப்பு மேலும் கூர்மையானது. நாட்பெட்யா மெர்ஸ்க்குக்குள் நுழைந்ததே ஓர் அப்டேட் வழியாகத்தான். உக்ரைனில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் பயன்படும் மெடாக் என்ற மென்பொருளின் அப்டேட் சர்வரைத் தாக்குபவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மெர்ஸ்க்கின் ஒடெசா அலுவலகத்தில் அந்த மென்பொருள் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்டேட்டை நம்பியவன் கெட்டான் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பு பாதிதான் சரி. பின்னர் உக்ரைன் காவல்துறை பறிமுதல் செய்த அந்த சர்வர்களில் மென்பொருள்கள் 2013க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. அப்டேட் அனுப்புகிற சர்வருக்கே அப்டேட் இல்லை! அதோடு, உள்ளே நுழைந்த நாட்பெட்யா பரவுவதற்குப் பிடித்த வழிகளில் ஒன்று விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மூன்று மாதம் முன்பே, 2017 மார்ச்சில் வெளியிட்டிருந்தது. ஆக, அப்டேட்டை நம்பியதால் ஒரு கதவு திறந்தது; அப்டேட் செய்யாததால் மற்ற கதவுகள் திறந்தே கிடந்தன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, தானாக அனுப்பும் அதிகாரம் கேட்பவர் தன் சர்வரையும் கையொப்பச் சாவியையும் காப்பதற்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும் என்பதை. சிறிய நிறுவனமொன்று தன்னை நம்பிய ஆயிரக்கணக்கான அலுவலகங்களுக்குள் நேரடி வழி வைத்திருக்கிறது என்றால், அந்த வழியின் காவலும் அதற்கேற்ற கனத்தில் இருக்க வேண்டும். அந்தக் காவல் இல்லாத இடத்தில் என் வாதம் செல்லாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்டேட் வழியையே அடைத்துவிடுவதும் தாக்குபவனால் முடியும் என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2020 ஜனவரியில் காட்டினார்கள். கேபிள் ஹான்ட் என்று அவர்கள் பெயரிட்ட ஓட்டை, பிராட்காம் சிப் உள்ள கேபிள் மோடம்களில் இருந்தது. ஐரோப்பாவில் மட்டும் 20 கோடி மோடம்கள் பாதிக்கப்படலாம் என்று மதிப்பிட்டார்கள். வீட்டில் ஒருவர் ஒரு தீய இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும், மோடம் கைமாறலாம். கைப்பற்றியவன் செய்யக்கூடியவற்றில், இணைய நிறுவனம் அனுப்பும் ஃபர்ம்வேர் திருத்தத்தைத் தடுப்பதும் ஒன்று. மோடத்தை அப்டேட் செய்வது வீட்டுக்காரர் வேலையே அல்ல, இணைய நிறுவனத்தின் வேலை. பொறுப்பு யாருடையது என்பது இங்கே குழப்பமில்லாமல் இருந்தது. ஆனால் திருத்தம் போய்ச் சேரும் பாதை, ஓட்டையுள்ள நிரலின் தயவிலேயே இருக்கக் கூடாது என்பது இதன் பாடம். எதற்கும் எட்டாத ஓர் அடித்தளம் வேண்டும். அந்த அடித்தளத்திலேயே பிழை இருந்தால்? 2019இல் வெளியான செக்எம்8 அப்படிப்பட்டது: ஐஃபோன் 4எஸ் முதல் ஐஃபோன் எக்ஸ் வரை, தொழிற்சாலையிலேயே சிலிக்கானில் பொறிக்கப்பட்ட முதல் பூட் நிரலில் பிழை. எந்த அப்டேட்டாலும் சரிசெய்ய முடியாது. மாற்ற முடியாத பகுதி எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. எந்த நிரல் ஓடலாம், எது கூடாது என்று தொலைவிலிருந்து தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு நிறுவனத்திடம் கொடுப்பது சரியா? செல்லாதவற்றின் பட்டியலில் நடைமுறையில் கடைசிக் கையொப்பம் மைக்ரோசாஃப்டினுடையது. லினக்ஸ் பயன்படுத்துபவரும் அதற்குக் கட்டுப்பட்டவர். டென்மார்க்கில் இந்தக் கேள்வி ஏட்டளவில் இல்லை. நான் புகழ்ந்த அதே குரோம்புக்குகளைப் பள்ளிகளில் பயன்படுத்துவதற்கு அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் ஹெல்சிங்கர் நகராட்சிக்குத் தடை விதித்தது. 2024 ஜனவரியில் 53 நகராட்சிகளுக்கு, மாணவர் தகவல் கூகுளுக்குப் போகும் முறையை மாற்றச் சொல்லி உத்தரவிட்டது. வழக்கு பூட்லோடர் பற்றியதல்ல, பிள்ளைகளின் தரவு பற்றியது. ஆனாலும் கருவியைப் பத்திரமாகப் பராமரிப்பவரே கருவியின் எஜமானாகவும் மாறிவிடுவார் என்ற அச்சம் வெறும் கற்பனையல்ல என்பதை அது காட்டுகிறது. 2025இல் அந்நாட்டு டிஜிட்டல் அமைச்சகம் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை விட்டு லிப்ரேஆஃபீஸுக்கு நகரத் தொடங்கியதும் அதே அச்சத்தின் இன்னொரு முகம். நான் கேட்பது இவ்வளவுதான்: இயல்பு நிலையில் பாதுகாப்புத் திருத்தம் தானாகப் போகட்டும், வேண்டாம் என்பவர் விலகவும், தன் சொந்தச் சாவியை ஃபர்ம்வேரில் பதிக்கவும் வழி இருக்கட்டும். செக்யூர் பூட் விதிமுறையிலேயே அந்த வழி உண்டு, பல கணினிகளின் அமைப்புத் திரையில் அது இருக்கிறது. விலகும் உரிமை தெரிந்தவருக்கு, தெரியாதவருக்குக் காவல். இப்போது இருப்பது தலைகீழ். தெரியாதவர் காவலில்லாமல் நிற்கிறார்.

இந்தத் திசையில் சட்டமும் நகர்ந்திருக்கிறது. டென்மார்க்குக்கும் பொருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். டிஜிட்டல் பொருளை விற்பவர், குறைந்தது ஐந்தாண்டு, பொருளின் ஆயுள் அதைவிடக் குறைவாக இருந்தாலொழிய, பாதுகாப்புத் திருத்தங்களைக் காசு வாங்காமல் தர வேண்டும். பொருந்துகிற இடங்களில் தானியங்கி அப்டேட் இயல்பாகவே முடுக்கப்பட்டிருக்க வேண்டும்; எளிதாக விலகவும் தள்ளிப்போடவும் வசதி வேண்டும். முடிந்தவரை பாதுகாப்புத் திருத்தத்தைப் புதிய வசதிகளோடு கலக்காமல் தனியாக அனுப்ப வேண்டும் என்பதும் அதில் உண்டு. அப்டேட் என்றாலே முகம் சுளிப்பவர்களின் பாதிக் கோபம், கேட்காத மாற்றங்களைத் திணிப்பதால் வருவது என்று சட்டம் எழுதியவர்கள் புரிந்திருக்கிறார்கள். இருந்தும் ஓர் இடைவெளி இருக்கிறது. தொழிற்சாலை, அத்தியாவசியக் கட்டமைப்பு போன்ற இடங்களில் தானியங்கி அப்டேட் வேலையைக் குலைக்கக்கூடும் என்பதால் அங்கே அதை இந்தச் சட்டம் வற்புறுத்தவில்லை. நியாயமான விலக்குதான்; ஓடிக்கொண்டிருக்கும் டர்பைன் அருகே உள்ள கருவி நட்டநடுவில் மறுதொடக்கம் ஆவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் 2023 மே மாதம் அடிபட்டவர்கள் அந்த விலக்கின் கீழ் வரக்கூடிய அதே வகை நிறுவனங்கள். திருத்தம் இலவசம், நிறுவ வருபவருக்குக் கூலி தனி என்ற பழைய முடிச்சையும் சட்டம் நேரடியாக அவிழ்க்கவில்லை. அங்கே வேலை செய்யக்கூடியது கொள்முதல் ஒப்பந்தம் ஒன்றுதான்: எந்தக் கருவிக்கு யார், எத்தனை நாளுக்குள், யார் செலவில் என்று பெயர் போட்டு எழுதுவது.

அதற்குள் இன்னொரு கெடு வருகிறது. செக்யூர் பூட்டின் அடித்தளமாக 2011இல் மைக்ரோசாஃப்ட் வழங்கிய சான்றுகள் 2026 ஜூன் முதல் அக்டோபருக்குள் காலாவதியாகின்றன. அந்த நாளில் எந்தக் கணினியும் நின்றுவிடாது. புதிய சான்று பதியாத கணினி, அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் பூட்லோடர் ஓட்டைகளுக்கான திருத்தத்தையும் தடையையும் பெற முடியாது என்பதுதான் விளைவு. அதாவது வழக்கம் போல எழும், வழக்கம் போல வேலை செய்யும், வித்தியாசம் வெளியே தெரியாது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குப் புதிய சான்று விண்டோஸ் அப்டேட்டோடு தானாகவே வருகிறது. சில பழைய கணினிகளுக்குத் தயாரிப்பாளர் முதலில் ஃபர்ம்வேர் திருத்தம் தர வேண்டும், அவர் தருவாரா என்பது அவர் மனம். ஐரோப்பியச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி, தொழில்நுட்பமே இல்லாத ஒன்று: எந்த மாதம், எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதை வாங்கும்போதே வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் மடிக்கணினி வாங்குகிறவர் ரேம் எவ்வளவு, வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்கிறார். அப்டேட் எந்த மாதம் வரை என்று அவர் கேட்டால், விற்பவரிடம் இன்று பதில் இல்லை. தயாரிப்பாளரிடமிருந்து அந்தத் தேதியை எழுதி வாங்க இந்தியாவில் இதுவரை அப்படியொரு சட்டமும் இல்லை.